சுமேர் நாட்டின் நீரும் நிலமும்



நதிக்கரைகளிலேதான் நாகரிகம் தோன்றிற்று என்பது பள்ளிச் சிறுவரும் ஒப்பிக்கும் வாசகம். நைல், யூப்ரடீஸ், டைகிரீஸ், சிந்து, மஞ்சள் நதி என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, இந்நதிகள் நீரும் வண்டலும் தந்தன, ஆகவே மக்கள் உழுதனர், உழுதமையால் ஊர்கள் எழுந்தன என்று மூன்றே அடியில் முடித்துவிடுவது பாடப் புத்தகங்களின் வழக்கம். இவ்வாசகம் பொய்யன்று, ஆனால் போதாது. நீரும் வண்டலும் தரும் நதிகள் உலகில் எத்தனையோ உள. அவற்றின் கரைகளிலெல்லாம் ஆதிகாலத்தில் எழுத்தும் நகரமும் சட்டமும் தோன்றவில்லை. தோன்றிய இடங்களிலும் அவை ஒரே வடிவாய்த் தோன்றவில்லை. எகிப்திலே ஒரு நாடு, ஓர் அரசன். சுமேரிலோ ஒரு நாள் நடைத் தொலைவுக்கொரு நகரமாகப் பல சிற்றரசுகள் எழுந்து, தம்முள் ஓயாது பொருதன. நதி இரண்டிடத்தும் நதியே. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

நதி எம்மாதத்திற் பெருகுகின்றது, எத்துணைச் சரிவில் ஓடுகின்றது, நீரோடு வேறெதனைக் கொண்டுவருகின்றது, கொண்டுவந்ததைத் திரும்ப வாரிச் செல்கின்றதா என்று வினவாமல், நதியின் பெயரை மட்டும் சொல்வதால் பயனில்லை என்பது நமது துணிபு. நன்செய் உடைய நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. நீர் எப்பொழுது வரும், எம்மடையில் நிற்கும், எங்கே வடியும் என்பவற்றைக் கொண்டே ஒரு நிலத்தின் விலையை மதிப்பவர் அவர். அக்கண்கொண்டே ஒரு பழைய நாட்டின் சரித்திரத்தை நோக்குவோம்.

சுமேர் நாட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சிந்துவெளி நமக்கு அண்மையது. அதனைப் பற்றி நம்மவர் நிரம்ப எழுதியுமிருக்கின்றனர். ஆனால் அந்நாட்டு எழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. அங்கே யார் யாருக்கு மடை அடைத்தார், யார் வழக்காடினார் என்பதை நாம் அறியோம். சுமேரியரின் எழுத்தோ படிக்கப்பட்டுவிட்டது. கால்வாய் வெட்டியவனின் கூலி முதல் எல்லைக் கல்லைப் பிடுங்கியவனின் பெயர்வரை, அவர்கள் சுட்ட மண்ணிலும் ஈரமண்ணிலும் எழுதி வைத்துச் சென்றிருக்கின்றனர்.

டைகிரீஸ், யூப்ரடீஸ் என்னும் இரு நதிகளும் துருக்கி நாட்டின் கிழக்குப்புற மலைகளிற் பிறந்து, தென்கிழக்கு நோக்கி ஓடிப் பாரசீக வளைகுடாவைச் சேர்வன. யூப்ரடீஸ் ஏறத்தாழ 1,740 மைல் நீளமுடையது; டைகிரீஸ் ஏறத்தாழ 1,150 மைல். நதிகளின் நடுவிலுள்ள நாடு என்னும் பொருளில் கிரேக்கர் இதனை மெசபொத்தேமியா என்றனர். இன்று இதன் பெரும்பகுதி ஈராக் எனப்படும். பாக்தாதுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வண்டற் சமவெளியின் தென்பாதியே பூர்வ சுமேர்.

சமவெளி என்னும் சொல்லை நாம் எளிதாக வழங்கிவிடுகின்றோம். இந்நாட்டிற்கு அச்சொல் முழுதும் பொருந்தும். பாக்தாத் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 115 அடி உயரத்திலே உள்ளது. அங்கிருந்து வளைகுடா நேர்கோட்டில் 330 மைல். கணக்கிட்டுப் பார்த்தால் மைலுக்கு நான்கு அங்குலத்திற்குச் சற்றே மிகுந்த சரிவுதான் கிடைக்கும். இத்தகைய தரையில் நதி விரைந்தோட இயலாது. தான் சுமந்துவந்த வண்டலை வழியிலேயே இறக்கிவிடுகின்றது. ஆண்டுதோறும் இவ்வாறு இறங்கிய வண்டலால் ஆற்றின் அடித்தளமும் கரைகளும் உயர்ந்து, நாளடைவில் ஆறே சுற்றுப்புற நிலத்திற்கு மேலாக ஒரு மேட்டின்மீது ஓடத் தொடங்குகின்றது. யூப்ரடீஸ் நதியின் இயல்பு இதுவே. இதனை வாசகர் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். பின்னே கூறப்போகும் நன்மையும் தீமையும் ஆகிய இரண்டிற்கும் வேர் இதுதான்.

நன்மை யாதெனின், நிலத்தினும் உயரத்தில் ஆறு ஓடுவதால் ஏற்றம் வேண்டுவதில்லை, கவலை வேண்டுவதில்லை. கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் நீர் தானே வயலுக்கு இறங்கும். ஐந்தாறு பேர் கூடி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம். ஆண்டொன்றுக்கு ஐந்தாறு அங்குலமே மழை பெய்யும் நாடு அது. வானம் பார்த்த பயிருக்கு எட்டு முதல் பத்து அங்குலமேனும் வேண்டும். வாய்க்கால் இல்லையேல் அங்கே ஒரு பிடி தானியமும் இல்லை. வாய்க்கால் உண்டாயின், வண்டல் நிலம் விளைவை வாரிக் கொடுக்கும்.

தீமை யாதெனின், மேட்டின்மீது ஓடும் ஆறு கரையை உடைத்துக்கொண்டால் மீண்டும் பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை. புதுவழியே போய்விடும், பழைய வழியிலிருந்த நகரம் வறண்டு மடியும். ஒருகாலத்தில் யூப்ரடீஸின் கரையிலே, கடலுக்கு அணித்தாக, கப்பல்கள் வந்து தங்கும் துறையாய் விளங்கிய ஊர் என்னும் நகரத்தின் இடிபாடுகளிலிருந்து இன்று அந்நதி பத்து மைல் அளவு விலகி ஓடுகின்றது. (இந்நகரின் பெயர் நம் சொல்லோடு ஒலியொத்திருத்தலைக் கண்டு சிலர் உவகை கொள்வதுண்டு. சுமேரியர் தம் மொழியில் அதனை உரிம் என்றே வழங்கினர். ஒலி ஒன்றை மட்டும் கொண்டு உறவு கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது.)

இனி, வெள்ளத்தின் பருவத்தைப் பார்ப்போம். இவ்விடத்தில் நைல் நதியோடு ஒப்புநோக்குதல் மிகவும் பயன்படும்.

நைல் பெருகுவதற்குக் காரணம் எத்தியோப்பிய மலைநாட்டிற் பெய்யும் கோடைகால மழை. குடகிலே தென்மேற்குப் பருவமழை பெய்து காவிரி பெருகிவரும் அதே மாதங்களில்தான் அங்கும் மழை. ஆகவே எகிப்தில் ஆடி ஆவணியில் வெள்ளம் ஏறும், புரட்டாசியில் உச்சமடையும், ஐப்பசி கார்த்திகையில் வடிந்துவிடும். வடிந்த ஈரச் சேற்றில் உழவன் விதைப்பான்; குளிர்காலமெல்லாம் பயிர் வளரும்; அடுத்த வெள்ளத்திற்கு முன்னரே அறுவடை முடிந்து தானியம் குதிருக்குட் சென்றிருக்கும். வெள்ளம் வயலுக்கு வேண்டும்பொழுது வந்தது, வேண்டாதபொழுது போயிற்று. போகும்பொழுது நிலத்திற் கிடந்த உப்பையும் கழுவிக்கொண்டு போயிற்று. அப்பள்ளத்தாக்கிற்கு இயற்கையான வடிகால் உண்டு. 1970-ஆம் ஆண்டில் அஸ்வான் பேரணை முடிந்து வெள்ளம் நின்றுபோகும் வரையில், ஐயாயிரம் ஆண்டுக்கு மேலாக எகிப்தில் இம்முறை நடைபெற்று வந்தது.

டைகிரீஸும் யூப்ரடீஸும் மழையால் மட்டும் பெருகுவன அல்ல. மலையில் உறைந்த பனி இளவேனிலில் உருகுவதாற் பெருகுவன. டைகிரீஸ் சித்திரையிலும், யூப்ரடீஸ் அதற்குச் சற்றுப் பின்னரும் உச்சமடையும். அம்மாதங்களில் சுமேரிய வயலில் நிற்பது யாது? வாற்கோதுமை என்னும் பார்லி, கதிர் முற்றி அறுவடைக்குத் தலைசாய்த்து நிற்கும்! விதைக்க வேண்டிய ஐப்பசியிலோ ஆறு வற்றிக் குட்டைபோற் கிடக்கும். நீர் வேண்டும்பொழுது இல்லை; வேண்டாதபொழுது விளைந்த பயிரை வாரிக்கொண்டு போக வருகின்றது.

ஆதலால் எகிப்திய உழவனுக்கு இல்லாத இரு பெருங்கடமைகள் சுமேரிய உழவனுக்கு ஏற்பட்டன. சித்திரை வெள்ளத்தை அணைகட்டி வயலுக்கு வெளியே நிறுத்த வேண்டும்; ஐப்பசியில் குறைந்தோடும் நீரை ஆழமான வாய்க்கால் வழியே வயலுக்குள் கொணர வேண்டும். அவ்வாய்க்காலோ ஆண்டுக்காண்டு வண்டல் தூர்ந்து மேடுபடும். தூரெடுக்காத வாய்க்கால் சில ஆண்டுகளிலே பாழ். நம் நாட்டில் குடிமராமத்து என வழங்கிய ஊர்ப்பணியை நினைவிற்கொள்க. அதனை ஓராண்டும் விடாமல், விட்டாற் பட்டினி என்னும் நிலையில், ஒரு நாடு முழுவதும் செய்ததாகக் கொண்டால் சுமேரியர் வாழ்வு ஒருவாறு விளங்கும்.

அவர்கள் தம் தெய்வங்களைக் குறித்துப் புனைந்த கதையிலும் இவ்வுழைப்பின் களைப்பே தெரிகின்றது. கி. மு. பதினேழாம் நூற்றாண்டில் பாபிலோனிய மொழியில் எழுதப்பெற்ற அத்ரஹாசிஸ் என்னும் காவியத்தின்படி, ஆதியில் மண்வெட்டியும் கூடையும் சுமந்து ஆறுகளையும் கால்வாய்களையும் வெட்டியவர்கள் சிறுதேவர்கள். நெடுங்காலம் பாடுபட்ட பின்னர் அவர்கள் சலித்துக் கருவிகளைத் தீயிலிட்டு, பெருந்தேவனின் வாயிலில் நின்று கலகம் செய்தனர். அவர்களுடைய சுமையைச் சுமப்பதற்காகவே மனிதன் களிமண்ணாற் படைக்கப்பட்டான். உலகம் ஏன் உண்டாயிற்று என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சாதியாரும் ஒவ்வொரு விடை கூறுவர். வாய்க்கால் தூரெடுக்க ஆள் வேண்டியிருந்தது என்று விடை கூறியவர் இவரே போலும்.

நிற்க. இந்நாட்டில் இல்லாத பொருள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல் அரிது, வீடுகட்டத் தகுந்த பெருமரம் இல்லை, செம்பு, வெள்ளீயம் முதலிய உலோகம் ஒன்றும் மண்ணிற் கிடையாது. களிமண்ணும் நாணலும் பேரீச்சையுமே அளவின்றி உண்டு. ஆகவே கல் செய்யவேண்டிய வேலையையெல்லாம் மண்ணே செய்தது. வீடும் கோயிலும் மதிலும் பச்சைச் செங்கல். உலோகம் பெருகுவதற்கு முன்னைக் காலத்தில் கதிர் அறுக்கும் அரிவாளைக்கூட மண்ணாற் செய்து கடினமாகச் சுட்டெடுத்தனர். அவை அகழ்வாராய்ச்சியில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எழுதுதற்கும் மண்ணே ஏடாயிற்று, நாணற்குச்சியே எழுத்தாணியாயிற்று. கி. மு. 3300 அளவில் ஊருக் என்னும் நகரத்திலே எழுந்த மிகப்பழைய எழுத்துக்களிற் பெரும்பாலன பாட்டுமல்ல, மந்திரமுமல்ல. இத்தனை படி பார்லி, இத்தனை ஆடு, இன்னாருக்கு இவ்வளவு மது என்னும் கோயிற் கணக்குக்களேயாம். எழுத்து கணக்கனின் கையிலே பிறந்தது என்பதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடையலாம். நமக்கு அதில் இழிவொன்றும் தோன்றவில்லை. பலர் உழைத்து ஒரு களஞ்சியத்தில் சேர்த்த தானியத்தை, சேர்த்தவரும் பிறரும் ஐயுறாவண்ணம் பங்கிட வேண்டுமாயின், நினைவை நம்பியிருத்தல் இயலாது.

இல்லாத பொருளைப் பெறுதற்கு அவர்கள் வெளிநாடு சென்றனர். தேவதாரு மேற்கே மத்தியதரைக் கடலோர மலைகளிலிருந்தும், செம்பு இன்று ஓமன் எனப்படும் மகன் நாட்டிலிருந்தும், நீலமணிக் கல் ஆப்கானிய மலைகளிலிருந்தும் வந்தன. மெலூகா என்று அவர்கள் எழுதிய நாடு சிந்துவெளியே என்பது அறிஞர் பெரும்பாலார் கொள்கை. 1922 முதல் 1934 வரை ஊர் நகரத்தை அகழ்ந்த லியோனார்ட் ஊலி என்பார் அரச சமாதிகளில் எடுத்த அணிகலன்களுள், சிந்துவெளித் தொழிலாளர் செய்முறையில் வெண்கோலமிட்ட சிவந்த மணிகளும் உள்ளன. இவற்றிற்கெல்லாம் ஈடாகச் சுமேரியர் கொடுத்தவை பார்லியும் எண்ணெயும் கம்பளியாடையும். நிலம் வறிதாயிருந்தமையே அவர்களைக் கடலோடச் செய்தது.

இங்ஙனம் நாம் கூறிவருவதைக் கொண்டு, நதி பிடரியைப் பிடித்து உந்த மக்கள் நாகரிகத்துள் விழுந்தனர் என்று கருதிவிடலாகாது. பெரிய கால்வாய்களை ஆள ஒரு பேரரசன் இன்றியமையாதவன், ஆகவே நீர்ப்பாசன நாடுகளெல்லாம் கொடுங்கோன்மை நாடுகளாயின என்று கார்ல் விட்ஃபோகல் என்பார் 1957-இல் ஒரு பெருநூல் எழுதினார். அது வெகுகாலம் பேர்பெற்றிருந்தது. ஆனால் ராபர்ட் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஈராக்கின் பாழ்வெளிகளிற் கால்நடையாகவும் ஆகாய விமானப் படங்களின் துணைகொண்டும் பழைய வாய்க்கால் தடங்களை அளந்து, ஆதி வாய்க்கால்கள் சிறியன, அந்தந்த ஊரார் தாமே வெட்டிப் பேணத்தக்கன என்று காட்டினார். பெருங்கால்வாய்கள் பின்னரே, அரசுகள் தோன்றிய பின்னர், வந்தன. இதுவே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. நதி அரசனைப் படைக்கவில்லை. நதி அயலானைப் படைத்தது. அதாவது, எனக்கு மேல்மடையில் இருப்பவன் என் வாழ்வைத் தன் கையில் வைத்திருக்கும் நிலைமையைப் படைத்தது.

இதற்குச் சான்றாக, உலகில் எழுத்துச் சான்றுள்ள நீர்வழக்குகளுள் மிகப்பழையதாகிய லகாஷ், உம்மா நகரங்களின் வழக்கைச் சற்று விரித்துரைப்போம். லகாஷ் அரசின் தலைநகர்களுள் ஒன்றாகிய கிர்சுவுக்கும் உம்மாவுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 18 மைல். உம்மா மேல்மடை, லகாஷ் கடைமடை. இரண்டிற்கும் நடுவே கூ-எதின், அதாவது வெளியின் ஓரம், என்னும் செழுநிலம் கிடந்தது. அது தன் தெய்வமாகிய நிங்கிர்சுவின் உடைமை என்றது லகாஷ். தன் தெய்வமாகிய ஷாராவுக்கும் பங்குண்டு என்றது உம்மா.

முதலில் கிஷ் நகரத்து அரசனாகிய மெசிலிம் என்பவன் இருவர்க்கும் பொதுவாக நின்று, கயிறு பிடித்து அளந்து எல்லைக்கல் நாட்டினான். இது கி. மு. 2600-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட காலம். பின்னர் உம்மாவின் தலைவன் ஊஷ் என்பவன் அக்கல்லைப் பிடுங்கியெறிந்து நிலத்தினுட் புகுந்தான். கி. மு. 2450 அளவில் லகாஷ் அரசன் எயன்னாதும் போரிற் புகுந்து உம்மாவை வென்று, எல்லையிலே ஒரு பெருங்கால்வாய் வெட்டி, மெசிலிமின் கல்லை மீண்டும் நிறுத்தித் தன் வெற்றிக்கல்லையும் நாட்டினான். 1877 முதல் கிர்சுவை அகழ்ந்த எர்னஸ்ட் தெ சார்செக் என்னும் பிரெஞ்சுக்காரர் இக்கல்லின் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவை பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் உள்ளன. பகைவரின் தலைகளைக் கழுகுகள் கவ்விக்கொண்டு பறப்பதாக அதிற் செதுக்கியிருத்தலால் கழுகுக்கல் என்று அதற்குப் பெயர்.

உடன்படிக்கையின் ஒரு விதி கவனிக்கத்தக்கது. அந்நிலத்தில் ஒரு பகுதியை உம்மா உழுதுகொள்ளலாம்; ஆனால் விளைந்த பார்லியைக் கடனாகக் கொண்டு வட்டியோடு லகாஷுக்குத் திருப்பித் தரவேண்டும். வட்டி குட்டி போட்டது. எவராலும் கட்டவொண்ணாத தொகையாக அது வளர்ந்ததென்று எயன்னாதுமின் மரபினரே எழுதி வைத்தனர். கடன் இறுக்க இயலாத உம்மா என்ன செய்தது? மேல்மடையில் இருப்பவன் செய்யக்கூடியதைச் செய்தது. எல்லைக் கால்வாய்களின் நீரைத் திருப்பிக்கொண்டது, எல்லைக்கற்களுக்குத் தீயிட்டது. அண்டை வீட்டாரைக் கடனாலே கட்டிவைத்தால் வரப்பு நிலைக்கும் என்று லகாஷ் எண்ணியது பெரும்பிழை என்பது நம் கருத்து. லகாஷின் கல்வெட்டுக்கள் உம்மாவையே முற்றும் பழிப்பன. உம்மாவின் தரப்பைக் கூறும் ஏடுகள் மிகச் சில. வெட்டியவன் எழுதிய கல்வெட்டு என்பதை மறவாது படிக்கவேண்டும்.

கி. மு. 2400 அளவில் எயன்னாதுமின் தம்பி மகனாகிய என்மெதெனா என்பவன் வேறொரு வழி கண்டான். யூப்ரடீஸ் கிளைகளின் நீருக்கு உம்மாவின் தயவை எதிர்பார்த்திருப்பதினும், கிழக்கேயுள்ள டைகிரீஸிலிருந்தே ஒரு கால்வாய் வெட்டிக்கொள்வோம் என்று துணிந்து வெட்டினான். வழக்கின் முழு வரலாற்றையும் இக்கால்வாயையும் அவன் ஒரு மண்கூம்பிலே எழுதுவித்தான்; அக்கூம்பும் லூவரிலே உள்ளது. கடைமடைக்காரன் மேல்மடைக்காரனின் பிடியிலிருந்து தப்பினான். நீர் முன்னினும் மிகுதியாக வந்தது. அதற்கு மேல் என்ன நேர்ந்தது என்பதைச் சிறிது பொறுத்துச் சொல்வோம்.

சண்டை அவனோடு முடியவில்லை. கி. மு. 2350 அளவில் உம்மாவின் லுகல்சகேசி லகாஷ் நாட்டின் கோயில்களைக் கொளுத்திச் சூறையாடினான். அவனையும் வெகுகாலம் வாழவிடாமல் வடக்கேயுள்ள அக்காதின் சார்கோன் வென்று சுமேர் முழுவதையும் ஒருகுடைக்கீழ்க் கொண்டுவந்தான். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு ஒரு வயல்வெளிக்காகப் பொருத இரு நகரங்களும் அயலான் ஆட்சியின் கீழ் வந்தன.

வரப்புச் சண்டை ஓயாத நாட்டில் நீர்ச்சட்டம் பிறத்தல் இயல்பு. கி. மு. 1792 முதல் 1750 வரை பாபிலோனில் ஆண்ட ஹம்முராபியின் 282 விதிகளைப் பலரும் அறிவர். கண்ணுக்குக் கண் என்பதைத்தான் மேற்கோளாகக் காட்டுவர். 53 முதல் 56 வரையுள்ள விதிகளை நம் விவசாயக் குடும்பத்தார் படிக்கவேண்டும். ஒருவன் சோம்பித் தன் கரையை வலுப்படுத்தாமல் விட்டு, அது உடைந்து பிறர் வயல் மூழ்குமாயின், அழிந்த தானியத்தை அவன் ஈடுசெய்ய வேண்டும்; இயலாதாயின் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, அப்பணத்தை நட்டமடைந்தோர் பங்கிட்டுக்கொள்வர். தன் மடையைத் திறந்துவிட்டுக் கவனியாதிருந்து அயல்வயல் கெட்டாலும் தண்டனை உண்டு. ஒரு கரையின் ஓட்டை ஊராரனைவர்க்கும் கேடு ஆகும் சமதரையில், சோம்பலும் குற்றமாயிற்று. மலைநாட்டில் இச்சட்டம் தோன்றியிராது.

நீரைப் போர்க்கருவியாக்கும் எண்ணமும் அங்கே பழையது. ஹம்முராபியின் பேரனாகிய அபி-எஷுக் என்பவன், தெற்கே சதுப்புநிலத்தை ஆண்ட பகையரசனைப் பிடிப்பதற்காக டைகிரீஸ் நதியையே அணையிட்டு மறித்தான் என்று ஒரு பழைய சரித்திர ஏடு கூறுகின்றது. அணை நின்றதாம், பகைவன் அகப்படவில்லையாம்.

இனி, முன்னே நிறுத்திவைத்த செய்திக்கு வருவோம். எகிப்தின் வெள்ளம் உப்பைக் கழுவிச் சென்றது என்றோம். சுமேரின் ஆற்றுநீரிலும் மலைப்பாறைகளிலிருந்து கரைந்துவந்த உப்பு சிறிது உண்டு. வயலுக்குட் பாய்ந்த நீர், மைலுக்கு நான்கங்குலச் சரிவுள்ள தரையில் எங்கே வடியும்? ஆறோ வயலினும் உயரத்தில் இருக்கின்றது; அதனுள் வடிய இயலாது. நீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தும். கோடை வெயில் அதனை மண்ணின் நுண்துளை வழியே மேலே இழுத்து ஆவியாக்கும். உப்பு மட்டும் தரைமேல் தங்கிவிடும். ஓராண்டில் கண்ணுக்குத் தோன்றாது. பத்தாண்டில், நூறாண்டில், விடியற்காலையில் வயல் வெளுத்துத் தோன்றும். எளிதாக நீர் இறங்க உதவிய அதே அமைப்பு, இறங்கிய நீரை வெளியேற விடவில்லை.

தோர்கில் யாகொப்சன் என்பாரும் மேற்சொன்ன ஆடம்ஸும் 1958-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். தென்சுமேரில் கி. மு. 3500 அளவில் கோதுமையும் பார்லியும் ஏறத்தாழச் சரிபாதியாக விளைந்தன. பார்லி உவரைத் தாங்கும், கோதுமை தாங்காது. என்மெதெனாவின் காலத்தையொட்டிக் கிர்சுப் பகுதியில் கோதுமை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது, கி. மு. 2100 அளவில் நூற்றுக்கு இரண்டும் இல்லை. 1700-க்குள் தெற்கே அது மறைந்தேபோயிற்று. பார்லியின் விளைவும் குறைந்ததாக அவர்கள் கணக்கிட்டனர்: இரண்டரை ஏக்கருக்குக் கி. மு. 2400 அளவில் 2,537 லிட்டர், 2100-இல் 1,460, 1700 அளவில் 897. இவ்விளைவுக் கணக்கை மார்வின் பவல் என்பார் 1985-இல் மறுத்தார். பழைய அளவைகளைப் பிழையாகக் கொண்டனர் என்றும், உவரை நீக்கும் வழி உழவர்க்குத் தெரிந்திருந்தது என்றும் வாதித்தார். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஓராண்டு பயிரிட்டு ஓராண்டு தரிசாக விடுவது அந்நாட்டு முறை. தரிசில் ஷோக், அகூல் என்னும் முட்செடிகள் ஆழ வேரூன்றி, நிலத்தடி நீரை உறிஞ்சி மட்டத்தைத் தாழ்த்தும், உப்பு கீழிறங்கும். அந்நாட்டுக் குடியானவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இம்முறையைக் கையாண்டனர்.

அவ்வாறாயின் உவர் ஏன் ஏறிற்று? என்மெதெனாவின் கால்வாயை மீண்டும் நினைக்க. டைகிரீஸ் நீர் தட்டின்றி வந்தமையால் கிர்சு நாட்டில் நிலத்தடி நீர் உயர்ந்தது என்பது யாகொப்சனின் கருத்து. அதற்குப் பின்னரே கோயிற்காரரின் நிலக்கணக்குக்களில் உவர்நிலம் என்னும் குறிப்புக் காணப்படுகின்றது. முன்பு நன்னிலம் என்று எழுதப்பெற்ற சில வயல்கள் முந்நூறாண்டிற்குப் பின் உவர்பட்டனவாக எழுதப்பட்டுள. நீர் தாராளமாகக் கிடைக்கும்பொழுது தரிசு விட எவனுக்கு மனம் வரும்? வரி கேட்கும் அரசும், கடன் கேட்கும் தனவந்தனும் விடுவார்களா? உழவன் அறிந்திருந்தான், அறிந்ததைச் செய்ய அவனுக்கு இடமில்லாதுபோயிற்று என்றே நாம் கருதுகின்றோம். முன்பு சொன்ன அத்ரஹாசிஸ் காவியத்திலும், மக்களை ஒடுக்கத் தேவர் விதித்த தண்டனைகளுள் வயல்களில் உப்பேறுதலும் ஒன்றாகக் கூறப்படுகின்றது.

கி. மு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர், ஊருக், லார்சா முதலிய தென்னகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடின. போரும் ஆறு வழிமாறியதும் அதற்குக் காரணங்கள். உவர் ஒன்றே காரணமென்பார் கூற்று மிகை. எவ்வாறாயினும், சுமேரிய மொழி பேசுவோர் அதற்கு முன்னரே அருகிவிட்டனர். வல்லமை வடக்கே பாபிலோனுக்குப் போய்விட்டது.

மேல்மடை, கடைமடை என்னும் நிலை மட்டும் போகவில்லை. 1990-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் துருக்கி அரசாங்கத்தார் தம் அத்தாதுர்க் அணையை நிரப்புவதற்காக ஏறத்தாழ ஒரு மாதம் யூப்ரடீஸின் ஓட்டத்தை நிறுத்தினர். கீழேயுள்ள சிரியாவும் ஈராக்கும் முறையிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஈராக் அரசாங்கமே தன் தென்பகுதியிலுள்ள சதுப்புநிலங்களை, அங்குள்ளாரை அடக்கும்பொருட்டு வடித்து உலர்த்திற்று. நாணலாலேயே வீடு கட்டி எருமை மேய்த்து வாழ்ந்த பல்லாயிரவர் ஊரைவிட்டுப் போயினர். 2003-க்குப் பின்னரே கரைகள் உடைக்கப்பட்டு ஒரு பகுதிக்கு நீர் திரும்பியது. இரு நதிகளும் ஒன்றாகிக் கடலை நோக்கி ஓடும் ஷத்-அல்-அராப் ஆற்றின் கரையில் பாஸ்ரா நகரம் உள்ளது. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் மிகவும் குறைந்தமையால் கடலுவர் ஆற்றில் ஏறிற்று. கழிவும் கலந்து, குடிநீர் கெட்டது. அந்நகரத்தில் 1,18,000 பேர் நோயுற்று மருத்துவமனைகளை அடைந்தனர். சுற்றியுள்ள தோப்புகளுக்குப் பாய்ச்ச உப்புநீரே கிடைத்தது.